ஹொன்னம்மாவின் பித்தளை டோக்கன்

“எடுத்த சாமானை எடுத்த எடத்துல வைக்க இந்த வீட்டுல ஒருத்தருக்கும் துப்பில்ல.”

காலையில் பால் பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் ஹொன்னம்மாவின் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு இதுதான். கத்தரிக்கோல் அதன் ஆணியில் இருக்காது. புருஷன் சிக்கண்ணா அதால் மீசையை வெட்டிக்கொண்டு ஜன்னலில் போட்டிருப்பார். இல்லாவிட்டால் மகன் சேத்தன் எதையோ வெட்டப் போய் கட்டிலில் விட்டிருப்பான். இரண்டு பேரும் பதில் பேச மாட்டார்கள். சிக்கண்ணா முப்பது வருஷம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். தினமும் அதே ஸ்டாப் பெயர்களைக் கூவினவருக்கு இதுவும் ஒரு ஸ்டாப், அவ்வளவுதான்.

அந்த வீட்டு அடுப்படிச் சுவரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். கரண்டி, தோசைத் திருப்பி, இடுக்கி, கத்தரிக்கோல், காது வைத்த நாலு எவர்சில்வர் டம்ளர் என்று ஒவ்வொன்றின் உருவமும் கறுப்புப் பெயின்டில் சுவரில் வரைந்திருக்கும். அந்தந்த உருவத்தின் மேல் அந்தந்த ஆணி. வீட்டு ஆட்களுக்கு மூன்று டம்ளர், வருகிறவருக்குக் கடைசி ஒன்று. எது குறைந்தாலும் சுவரே காட்டிக்கொடுத்துவிடும்.

இது அவள் வேலை செய்த இடத்துப் பழக்கம். பெங்களூரில் பழைய விமான நிலையச் சாலையை ஒட்டின விமானத் தொழிற்சாலையில், நம் நாட்டிலேயே செய்கிற அந்தச் சின்னப் போர் விமானத்துக்குள் அவள் இருபத்தாறு வருஷம் வயர் கட்டினாள். ஆண்பிள்ளைக் கை நுழையாத இடுக்கில் அவள் கை நுழையும். விமானி உட்காரும் இடத்துக்குப் பின்னால் சாக்கு மூட்டை மாதிரி மடங்கிப் படுத்துக்கொண்டு, வயரை ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு முடிச்சாகக் கட்டிக்கொண்டு போவாள். வீட்டுக்கு வந்தால் இடுப்பு நிமிராது. அதற்காக யாரிடமும் அவள் அழுததில்லை.

அங்கே ஆயுதப் பலகை என்று ஒன்று உண்டு. ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்பதுகூட அதன் முன்னால்தான். ஸ்பேனர், இடுக்கி, டார்ச் எல்லாவற்றுக்கும் பலகையில் உருவம் வரைந்திருக்கும். சாமானை எடுக்கிற ஆள் அந்த ஆணியில் தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனை மாட்ட வேண்டும். திரும்ப வைத்துவிட்டு டோக்கனை எடுத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் பலகையில் ஒரு டோக்கன் தொங்கினாலும் விமானம் இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. உள்ளே எங்காவது ஒரு சாமான் விழுந்து கிடந்தால், தலைகீழாகப் பறக்கும்போது அது உருண்டு போய் எதை அடைக்கும் என்று யார் கண்டது? ஹொன்னம்மாவின் டோக்கன் நம்பர் நானூற்றுப் பதினேழு.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஓட்டை. ஒப்பந்த ஆட்களுக்கு டோக்கன் கிடையாது. நிரந்தர ஆட்களுக்கு மட்டும்தான் தருவார்கள். சேத்தனும் விமானம் நிற்கிற அதே கொட்டகையில் ஒப்பந்தத்தில் ரிவெட் அடிக்கிறவன். அவனுக்குச் சாமான் வேண்டுமென்றால் யாராவது நிரந்தர ஆள் தன் டோக்கனில் எடுத்துத் தர வேண்டும். கை மாற்று என்று பேர். சட்டப்படி தப்பு. ஆனால் அது இல்லாமல் ஒரு நாள் வேலை ஓடாது.

அந்த வருஷம் அவரைக்காய்ச் சீசனில் ஊரெல்லாம் இந்த விமானத்தைப் பற்றித்தான் பேச்சு. விமானப்படை இன்னும் எண்பது வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வருகிறது, ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வாங்கினால் சேத்தனைப் போன்ற முன்னூறு ஒப்பந்த ஆட்களுக்கு வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு. ஹொஸகோட்டையில் சேத்தனுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டாரும் அந்த முடிவுக்காகத்தான் நாள் குறிக்காமல் இருந்தார்கள்.

டிவியில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அதைப் பார்க்க வீட்டுக்கு வருகிறவர் சிக்கண்ணாவின் தம்பி ருத்ரேஷ். விமானப்படையில் இருபது வருஷம் தரையில் நின்று விமானங்களைக் கவனித்துவிட்டு ஓய்வு பெற்றவர். இரண்டு தெரு தள்ளி வீடு. வந்தால் சாப்பிடாமல் போக மாட்டார், அண்ணியைச் சீண்டாமல் சாப்பிடவும் மாட்டார்.

“கோச்சுக்காதீங்க அண்ணி. உங்க பிளேன் நல்ல பிளேன்தான். இருபது வருஷம் முன்னாடி வந்திருந்தா.”

“களியை முழுங்கிட்டுப் பேசு. தொண்டையில நின்னுடப் போவுது.”

சின்ன வண்டி, ரொம்ப தூரம் போகாது, நிறையத் தூக்காது, எதிரி வைத்திருப்பதற்கு முன்னால் இது மொபெட் மாதிரி என்பது அவர் கட்சி. வெளிநாட்டில் தயாராக இருக்கிறதை வாங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பார். ஹொன்னம்மா விட மாட்டாள். சண்டை நடுவில் ஒரு திருகாணிக்கு அடுத்தவன் வாசலில் போய் நிற்பீர்களா என்று கேட்பாள். தாமதம் யாரால் என்றும் கேட்பாள்.

“வருஷத்துக்கு ஒரு தடவை வந்து இதை மாத்து, அதைச் சேருன்னு உங்க ஆளுங்கதான் சொன்னாங்க. சாறு பாதி கொதிக்கிறப்போ வந்து புளி வேணாம், தக்காளி போடுன்னா சாப்பாடு எப்ப இறங்கும்?”

சிக்கண்ணா தொடையைத் தட்டிச் சிரிப்பார். ருத்ரேஷும் சிரிப்பார். ஆனால் குழு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, அவர் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பழைய பிளேன்ல நான் பெல்ட் மாட்டி ஏத்தி விட்ட பசங்க நாலு பேர் திரும்பி வரல அண்ணி. உங்களுது வரும் வரும்னுதான் பழசையே ஓட்டினாங்க. யார் செஞ்சதுங்கிறது அந்தப் பசங்களோட அம்மாவுக்கு எதுக்கு?”

ஹொன்னம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாறு ஊற்றினாள்.

மறுநாள் புதன்கிழமை. மத்தியானம் மூன்றரைக்குப் பலகையைச் சரிபார்த்தபோது ஒரே ஒரு டோக்கன் தொங்கியது. நானூற்றுப் பதினேழு. காணாமல் போயிருந்தது ஒரு சின்னக் கண்ணாடி. பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, அந்த மாதிரி காம்பு வைத்தது, விரல் நீளம். காலையில் அவள்தான் எடுத்தாள். பதினோரு மணிக்குச் சேத்தன் கேட்டான், கை மாற்றாகக் கொடுத்தாள்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“உன்கிட்டயே திருப்பிக் குடுத்தேனேம்மா. நீ சீட்டுக்குப் பின்னாடி படுத்திருந்தே, உன் கைக்குப் பக்கத்துல வெச்சேன்.”

வைத்தானா? கை வேலையில் இருக்கும்போது பக்கத்தில் யார் எதை வைத்தார்கள் என்று அவளுக்குச் சத்தியமாக நினைவில்லை. அவளும் ஃபிலோமினாவும் டார்ச் அடித்து ஒரு மணி நேரம் தேடினார்கள். ஃபிலோமினா அவளோடு வயர் கட்டுகிறவள், ஒரே தெரு, இருபது வருஷமாகச் சாப்பாட்டு டப்பாவை மாற்றிக்கொண்டு தின்றவர்கள். கண்ணாடி கிடைக்கவில்லை.

மேற்பார்வையாளர் வாமனராவ் கெட்ட மனுஷன் இல்லை. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பயிற்சிப் பள்ளியில் அதே மாதிரிக் கண்ணாடி ஒன்று இருக்கிறது, கொண்டுவந்து மாட்டிவிடலாம், நாளைக்கு விமானம் பறந்து இறங்கினதும் நிதானமாகத் தேடலாம் என்றார். இருபது நிமிஷம் பறக்கப் போகிறது. அதற்குள் என்ன ஆகிவிடும்?

“சாமான் காணோம்னு எழுதினா சீட்டைக் கழட்டணும் ஹொன்னம்மா. கழட்டினா நாளைக்குப் பறக்காது. மாத்துக்கு இருக்கிற இன்னொரு பிளேன் பெயின்ட் கொட்டகையில நிக்குது. யோசிச்சுக்கோ. உன் பையனும் இதுலதான் இருக்கான்.”

யோசிக்காமல் இல்லை. முன்னூறு பேர், ஹொஸகோட்டைப் பெண், எல்லாம் அவள் கண் முன்னால் வந்து போயின. கூடவே இன்னொன்றும் வந்தது. நாளைக்குக் காலையில் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்காரப் போகிற பையன். ஒரு மாதமாகக் கொட்டகைக்கு வந்துபோகிறான், அவளை ஆன்ட்டி என்று கூப்பிடுவான். அவன் பேர்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

“சார், என் டோக்கன் தொங்குது. நான் எழுதிடறேன்.”

எழுதினாள். சிவப்பு அட்டைப் புத்தகத்தில் நாலே வரி. சேத்தனின் பேரை எழுதவில்லை. கை மாற்று கொடுத்தவள் அவள்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். தன் வாழ்க்கையில் செய்த ஒரே கள்ளக் கணக்கு அதுதான் என்று பிற்பாடு சொல்லுவாள்.

வியாழக்கிழமை குழு வந்தபோது விமானம் சீட்டைக் கழற்றி, மூடிகளைத் திறந்து, அறுத்துப் போட்ட கோழி மாதிரி நின்றது. வந்தவர்கள் சுற்றிப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், பிஸ்கட்டைத் தொடவில்லை, பதினோரு மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். சாயங்காலம் டிவியில் அதே நாலு பேர். காட்ட வேண்டிய நாளில்கூடப் பறக்காத விமானம் என்று ஒருவர் நாற்பது தடவை சொன்னார். ஒரு சின்னக் கண்ணாடிக்காகப் பறக்கவிடாத ஆட்கள் செய்த விமானம் என்று யாரும் சொல்லவில்லை. அது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. ருத்ரேஷ் அன்று வரவில்லை.

வெள்ளியும் சனியும் பன்னிரண்டு பேர் தேடினார்கள். கண்ணாடி கிடைக்கிறவரை அந்த விமானத்தை மூட முடியாது. இன்னும் கழற்ற வேண்டும், எரிபொருள் தொட்டிவரை போக வேண்டும் என்று சனிக்கிழமை வாமனராவ் சொன்னார். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்காமல் போனார். சாப்பாட்டு நேரத்தில் ஃபிலோமினா வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் மருமகனும் ஒப்பந்த ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹொன்னம்மா துணி துவைத்தாள். ஒப்பந்த ஆட்களுக்கு அங்கே அலமாரி இல்லை. நீலச் சீருடையோடு வந்து, அதோடேயே வீட்டுக்குப் போவார்கள். வாசலில் பையையும் டப்பாவையும்தான் சோதிப்பார்கள். சேத்தனின் பேன்ட் புதன்கிழமையிலிருந்து அழுக்குத் துணி மூட்டைக்கு அடியில் கிடந்தது. அவள் அதைக் கல்லில் ஒரு அடி அடித்தாள். டங்கென்று சத்தம் கேட்டது. முழங்கால் பக்கத்துப் பையில் கையை விட்டாள்.

கண்ணாடி உடையக்கூட இல்லை. சோப்புத் தண்ணீர் வடிய அவள் முகத்தை அவளுக்கே காட்டியது.

உள்ளே போனபோது சேத்தன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் கையைப் பார்த்தான். எச்சிலைத் துப்பவில்லை.

“எப்பத் தெரியும்?”

அப்புறம்தான் துப்பிவிட்டுச் சொன்னான். “புதன்கிழமை. வீட்டுக்கு வந்ததும்.”

“அப்பவே சொல்லியிருந்தா வியாழக்கிழமை பறந்திருக்கும்டா.”

“வெளியில எடுத்துட்டு வந்தா திருட்டும்மா. போலீஸ்ல குடுப்பாங்க. பயந்துட்டேன்.”

சிக்கண்ணா நாற்காலியிலிருந்து எழுந்தார். முதல்தடவையாகப் பட்டப்பகலில் கதவைத் தாழ் போட்டார். பக்கத்து ஏரியில் போட்டுவிடலாம், அதில் மிதக்கிற சாக்கடை நுரையோடு நுரையாகப் போய்விடும், யாருக்குத் தெரியும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பழியை ஹொன்னம்மா ஏற்கெனவே சுமந்தாகிவிட்டது. தேடித் தேடி அலுத்துப்போய் அவர்களே ஒரு நாள் மூடிவிடுவார்கள். பையன் தப்பிப்பான்.

“மூட மாட்டாங்க” என்றாள் ஹொன்னம்மா. “இல்லாத சாமானை அதோட வயித்துக்குள்ள தேடிட்டே இருப்பாங்க. நான் கட்டின வயரையெல்லாம் அறுப்பாங்க.”

“வயர் பெருசா, பையன் பெருசா?”

அவள் கண்ணாடியைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சித்ரான்னம் தின்றார்கள்.

திங்கட்கிழமை தொழிற்சாலை வாசலில் காவலாளி டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் அவளே திறந்து காட்டினாள். பலகைக்குப் போய்க் கண்ணாடியை அதன் உருவத்தின் மேல் மாட்டிவிட்டு, டோக்கனை எடுத்துக்கொண்டாள். தேடிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரும் வந்து நின்றார்கள். வாமனராவ் எங்கே இருந்தது என்று கேட்டார்.

“என் வீட்டு வாளியில. என் பையன் பேன்ட் பையில. என் டோக்கன்ல நான்தான் குடுத்தேன்.”

கை மாற்று எல்லோரும் செய்கிறதுதான் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் மாட்டுவார்கள்.

சேத்தனைப் பன்னிரண்டு மணிக்கு வேலையை விட்டு அனுப்பினார்கள். போலீஸ் வரவில்லை. அதுதான் அவளுக்குக் காட்டின தயவு. அவளை வயர் வேலையிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள், துணிக்கந்தல் எண்ணிக் கொடுக்கிற வேலை. விமானம் பத்து நாளில் மூடப்பட்டு, பறந்து, பத்திரமாக இறங்கியது. பார்க்க ஒருத்தரும் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. எண்பது இல்லை, முப்பது. மீதிக்கு வெளிநாட்டு விமானம் பார்க்கப் போகிறார்களாம். ஒப்பந்த ஆட்களில் இருநூறு பேர் போனார்கள், ஃபிலோமினாவின் மருமகனும் போனான். கண்ணாடியால்தான் குறைந்ததா, முன்னாலேயே குறைக்க முடிவு செய்துவிட்டு வந்தார்களா என்பது யாருக்கும் தெரியாது. தெருவுக்கு மட்டும் தெரியும், அவளால்தான் என்று. பிள்ளையார் பந்தலில் எல்லார் கைக்கும் வந்த கடலைச் சுண்டல் ஹொன்னம்மாவின் கைக்கு வரும்போது தீர்ந்துபோயிருக்கும். ஃபிலோமினா எதிரில் வந்தால் தெருவை மாறிப் போவாள்.

சேத்தன் புனே பக்கம் லாரிக் கம்பெனிக்குப் போனான். போகும்போது தன் டம்ளரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஹொஸகோட்டைப் பெண்ணுக்கு வேறு இடத்தில் ஆகிவிட்டது. அவனுக்கும் அங்கேயே கல்யாணம் நடந்தது. அப்பாவுக்கு டிக்கெட் அனுப்பினான், ஒரு டிக்கெட். சிக்கண்ணா போகும்போது அவள் வேட்டியை இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தாள். திரும்பி வந்தவர், பெண் நல்ல நிறம் என்றார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

வந்துபோகிற ஒரே ஆள் ருத்ரேஷ்தான். அதுவும் முடிவு வந்த பிறகு ஒரு மாதம் வரவில்லை. வந்த அன்று சாப்பாடு வேண்டாம் என்றார். அண்ணன் கடைக்குப் போகிறவரை காத்திருந்துவிட்டுப் பேசினார்.

“அந்தப் பிளேன் லேட்டுன்னு சொன்னேன். இப்பவும் அதைத்தான் சொல்லுவேன்.”

“அதைச் சொல்லவா வந்தே?”

“இல்ல. எங்க பலகையில ஒரு தடவை ஒரு ஸ்பேனர் குறைஞ்சுது. வெளியில ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டினோம். நானும் இன்னொருத்தனும். மூணாம் நாள் அந்தப் பிளேன் திரும்பி வரல.”

ஹொன்னம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஸ்பேனரா, வேற எதாவதான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது அண்ணி. எஞ்சின் பழசுன்னு ரிப்போர்ட் எழுதினாங்க. பழசுதான். நானும் இருபது வருஷமா எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்லிட்டு வரேன்.”

அவள் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. நாலாவது டம்ளரை ஆணியிலிருந்து எடுத்துக் காபி ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, கழுவி, துடைத்து, அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் அதுவரைக்கும் செய்யாத காரியம்.

இப்போது அவள் ஓய்வு பெற்றுவிட்டாள். போன வருஷம் சிக்கண்ணாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மீசையை அவள்தான் வெட்டி விடுகிறாள். வெட்டினதும் கத்தரிக்கோல் ஆணிக்குப் போய்விடுகிறது. ஆனாலும் காலையில் பால் பாக்கெட்டை எடுத்தால், துப்பில்லை என்கிற அந்தப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. யாரைச் சொல்கிறாள் என்று சிக்கண்ணா கேட்பதில்லை.

பெங்களூரில் விபூதிபுரா பக்கம் போகிறவர்கள் போய் அவளைப் பாருங்கள். ஏரிக்குப் போகிற வழியில் மாவு மில் இருக்கிறது, அதன் மாடியில்தான் வீடு. காலை பத்து மணிக்கு மேல் போனால் வேலை முடித்து உட்கார்ந்திருப்பாள். வாங்கிக்கொண்டு ஒன்றும் போக வேண்டாம். நீங்கள் செய்தது சரி என்று ஆறுதல் சொல்லவும் போக வேண்டாம், கதவைச் சாத்திவிடுவாள். விமானம் வாங்கியது தப்பா சரியா என்று வேண்டுமானால் சண்டை போடுங்கள். அதற்கு ஆள் இல்லாமல்தான் இருக்கிறாள். காபி கொடுப்பாள். குடித்ததும் டம்ளரைக் கழுவி, கடைசி ஆணியில் மாட்டுங்கள். மூன்றாவது ஆணி காலியாக இருக்கிறதே என்று அதில் மாட்டிவிடாதீர்கள். அது சேத்தனுடையது.